சேர்க்கக் கூடாத புள்ளிகள்

ஆகஸ்ட் 1, செவ்வாய்

வழக்கமான டைரியில் சாம்பார் கொட்டிவிட்டது. அலுவலக அலமாரியில் கட்டம் போட்ட நோட்டு ஒன்று சும்மா கிடந்தது, எடுத்து வந்துவிட்டேன். நகராட்சி சுகாதாரப் பிரிவில் பத்தொன்பது வருடமாகப் புள்ளிவிவரம் பார்க்கிறவள் ஒரு கிராஃப் நோட்டை எடுத்துவந்தால் குடி முழுகிவிடாது.

புதிய நகர்நல அலுவலர் இன்று பொறுப்பேற்றார். டாக்டர் இனியன். முப்பத்திரண்டு வயது இருக்கும். நடக்கும்போதே பேசுகிறார், பேசும்போதே அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்து, “இதெல்லாம் யாரு போடறது?” என்றார்.

“நான்தானுங்க சார். சாந்தாமணி.”

“நல்லா இருக்கு மேடம்.”

பத்தொன்பது வருடத்தில் ஆறு அலுவலர்கள் வந்து போனார்கள். ஒருவர்கூட இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. இதை எழுதி வைக்க வேண்டுமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

போன வாரம் மட்டும் மஞ்சள் காமாலை பதினொரு பேர். ஜூலையில் ஒன்றிரண்டு வருவதுதான் வழக்கம். எல்லாம் சந்தைப்பேட்டைப் பக்கம், 1, 2, 3 வார்டுகள். காஸ் பதிவு செய்தாயிற்று. மிக்சி பிளேடு தேய்ந்துவிட்டது. 17ஆம் வார்டில் யாரும் இல்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. புளிச்சாதம், தேங்காய்ச்சாதம், தயிர்ச்சாதம். ஒற்றை ஆளுக்குச் சமைக்க இன்னும் கை பழகவில்லை. தூக்குப்போசியில் போட்டு மினிபஸ் நிறுத்தம் வரை போனேன். வண்டி வந்தது. நடத்துனர், “ஏறுங்கம்மா” என்றார். வெயில் அதிகமாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டேன்.

காமாலை மொத்தம் 19. 17ஆம் வார்டு: பூஜ்யம்.

ஆகஸ்ட் 5, சனி

மருந்துக் கடையில் கதிர்வேலைப் பார்த்தேன். என் தங்கை மலர்க்கொடியின் வீட்டுக்காரர், நூல் மில்லில் சூப்பர்வைசர். கையில் இரும்புச்சத்து மாத்திரை அட்டை.

“நல்லா இருக்கறாளுங்களா?”

“இருக்கறாங்கக்கா. ஆறாம் மாசம் பொறந்துருச்சு. உங்க மாதிரியேதான், உக்காந்த எடத்துல உக்கார மாட்டேங்கறா.”

“தண்ணி காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க. காமாலை வந்துட்டு இருக்குது.”

“நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லுங்கக்கா. நான் சொன்னா எங்க கேக்கறா?”

சரி என்றேன். மலர் என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவள். ஏப்ரலில் ஒரு பேச்சு வந்தது. அது இப்போது வேண்டாம். தண்ணீர்க் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். போன் செய்ய நேரம் இல்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

நகர சுகாதாரச் செவிலியர்களுக்கு நான் வகுப்பு எடுத்தேன். எந்த விவரத்துக்கு எந்தப் படம் போடுவது என்று சொல்லித் தரச் சொன்னது டாக்டர் இனியன். பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் பகலெல்லாம் தெருத்தெருவாக நடந்த களைப்பு. ஆனாலும் கேட்டார்கள்.

முதல் கேள்வி, கையில் இருப்பது பெயரா, அளவா என்பதுதான். குழாய், ஆழ்துளைக் கிணறு, லாரித் தண்ணீர் என்று எழுதினால் அவை பெயர்கள். எதை முதலில் வைத்தாலும் ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை, நடுவில் இடைவெளி விட வேண்டும். லேசு, நடுத்தரம், கடுமை என்று எழுதினால் அதில் வரிசை உண்டு. பட்டைகளை அந்த வரிசையில்தான் நிறுத்த வேண்டும். ஆனால் லேசுக்கும் நடுத்தரத்துக்கும் உள்ள தூரமும், நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் உள்ள தூரமும் ஒன்று என்று யாரும் சொல்ல முடியாது.

“லேசுக்கு ஒண்ணு, கடுமைக்கு மூணுன்னு போட்டுச் சராசரி எடுக்கலாங்களா மேடம்?” என்று கேட்டாள் குணவதி. 17ஆம் வார்டைப் பார்க்கும் செவிலி. வாயாடி.

“ரெண்டு பேருக்கு லேசு, ஒருத்தருக்குக் கடுமை. சராசரி ஒண்ணே சொச்சம் வரும். சாகக் கெடக்கறவரு அந்தச் சொச்சத்துக்குள்ள காணாமப் போயிருவாரு. பரவால்லையா?”

பிறகு எண்கள். ஆட்களை எண்ணினால் ஒன்று, இரண்டு, மூன்று. அரை ஆள் கிடையாது. உடல் எடை, ரத்தத்தில் மஞ்சள் அளவு இதெல்லாம் அளப்பது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் எத்தனையோ நிற்கும். அதைப் பத்துப் பத்தாகக் கட்டிப் போட்டால் பட்டைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும், இடைவெளி விட்டால் அங்கே யாருமே இல்லை என்று அர்த்தமாகிவிடும். நாள்வாரியாக வந்தால் கோடு போடலாம்.

“நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல நெஜமாவே நேரம் ஓடுது. அதனால ரெண்டு புள்ளியையும் சேர்க்கலாம். வார்டு எண் வெறும் பேருதான், பஸ் நம்பர் மாதிரி. ஒண்ணாம் வார்டுக்கும் ரெண்டாம் வார்டுக்கும் நடுவுல என்ன ஓடுது, சொல்லுங்க பாக்கலாம்?”

“சாக்கடை ஓடுதுங்க மேடம்” என்றாள் குணவதி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரொம்ப நாள் கழித்து ஒரு நல்ல நாள்.

ஆகஸ்ட் 12, சனி

திங்களன்று ஆணையர் கூட்டம். 21 வார்டுகளுக்கும் பட்டை வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் இனியன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“பள்ளிக்கூடத்துச் சார்ட் மாதிரி இருக்கு மேடம். ஆணையர் ஒரு பார்வையில புரிஞ்சுக்கணும். கோடா போட்டுடுங்களேன்.”

“சார், வார்டுக்குக் கோடு...”

“உங்க படம் எல்லாமே நல்லா இருக்கு. இதையும் கொஞ்சம் மாடர்னா பண்ணிடலாமே.”

கணினியில் மாற்றினேன். ஒரு தட்டலில் பட்டைகள் போய்க் கோடு வந்தது. 1ஆம் வார்டில் 14, 2இல் 12, 3இல் 9, 4இல் 6. பிறகு நாலு, மூன்று, இரண்டு என்று இறங்கி, 17இல் இரண்டு பேருக்காக ஒரு சின்ன மேடு, அப்புறம் தரையோடு தரை. அழகாகத்தான் இருந்தது. ஆம், 17இல் இரண்டு பேர். இரண்டு பேரும் ஆண்கள், பெயரைப் பார்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

கூட்டம் முடிந்தது. எழுதவேண்டியது அவ்வளவுதான்.

எழுதிவிடுகிறேன். ஆணையர் திரையைப் பார்த்தார். கோடு இடமிருந்து வலமாக இறங்கி வந்தது. “குட். குறைஞ்சிட்டே வருது போல” என்றார். கீழே வார்டு எண்கள் பொடி எழுத்தில் இருந்தன, அவர் அவற்றைத் தேதிகள் என்று எடுத்துக்கொண்டார். டாக்டர் இனியன் கைப்பேசியில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து தலையாட்டினார். லாரித் தண்ணீர் வேண்டாம், குழாய்களைத் திறந்து பார்க்கும் வேலையை ஊர்த் திருவிழா முடிந்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

“கடைசியில அது என்ன சின்னதா ஒரு மேடு?”

“ரெண்டு கேஸ்தான் சார்” என்றார் இனியன்.

நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கையைத் தூக்கியிருக்கலாம். வெளியே வரும்போது டாக்டர், “ஆணையருக்கு உங்க படம் பிடிச்சுப் போச்சு மேடம்” என்றார். நான் நன்றி சொன்னேன். கடவுளே, நன்றி சொன்னேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய். மிக்சி பிளேடு மாற்றியாயிற்று.

ஆகஸ்ட் 17, வியாழன்

குணவதி பதிவேட்டைக் கொடுக்க வந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மேடம், என்ற வார்டுல ஆஸ்பத்திரிக் கணக்குல ரெண்டு பேருதான். ஆனா விடியக்காலம் கீழாநெல்லி குடுக்கற வைத்தியரு ஊட்டு முன்னால போயி நின்னு பாத்தேன். எங்க வார்டு ஆளுங்க மட்டும் பதினஞ்சு பேரு டம்ளரோட நிக்கறாங்க. எல்லாத்துக்கும் கண்ணு மஞ்சளா கெடக்குது.”

“எப்ப இருந்து?”

“பத்து நாளா. நாளுக்கு நாள் கூடீட்டு வருதுங்க.”

“கர்ப்பிணிங்க யாராவது இருந்தாங்களா?”

“பாக்கலைங்க. ஏனுங்க மேடம், யாரையாச்சும் தேடறீங்களா?”

கணக்குக்குத்தான் என்றேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அடுக்கினேன். நாள்வாரியாகப் போட்டதும் கோடு ஏறிக்கொண்டே போகிறது, எங்கேயும் இறங்கவில்லை. வயதுவாரியாக ஒட்டி நிற்கும் பட்டைகள் போட்டேன், இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில்தான் கூட்டம். பிறகு வார்டு என்ற பெயரையே தூக்கிப் போட்டுவிட்டு, எந்தத் தொட்டித் தண்ணீர் என்று பிரித்தேன்.

நகராட்சிக்கு ஐந்து மேல்நிலைத் தொட்டிகள். நான்கு தொட்டிகளின் பட்டைகள் கட்டைவிரல் உயரம். சந்தைப்பேட்டைத் தொட்டியின் பட்டை தாளைத் தாண்டுகிறது. அந்தத் தொட்டி 1 முதல் 4 வரையான வார்டுகளுக்கும், அப்புறம் 17க்கும்.

17ஆம் வார்டு பிற்பாடு சேர்த்தது, அதனால் எண் பின்னால் விழுந்தது. எண்ணில் 3க்கும் 17க்கும் பதினான்கு தூரம். நடந்தால் ஒரு தெரு. இது எனக்குத் தெரியாதா? நூறு தடவை நடந்திருக்கிறேன். அந்தத் தெருவில்தான் மலர் வீடு.

ஆகஸ்ட் 19, சனி

டாக்டர் மாவட்டக் கூட்டத்துக்குப் போய்விட்டார். போனில் சொல்லக்கூடிய விஷயமா இது? திங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

மலருக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. கதிர்வேலுக்குச் செய்தேன், ஷிப்டில் இருப்பார் போல. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும் என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். நகராட்சி அறிவிப்பு மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

தோசை மாவு பொங்கி வழிந்துவிட்டது. துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரலில் நடந்ததை எழுதிவிடுகிறேன். ஆண்டுக் கணக்கு முடிக்கும் சமயம். மேசை முழுக்கத் தாய்சேய் நல அறிக்கைகள். மலர் போன் செய்தாள். “அக்கா, நின்னுருக்குது” என்றாள். பதினொரு வருடம் காத்திருந்தவள், தன் வீட்டுக்காரருக்கு அடுத்தபடி என்னிடம்தான் முதலில் சொன்னாள். எனக்குச் சந்தோஷத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. முன்னால் கிடந்த தாளில் என்ன இருந்ததோ அது வாயில் வந்துவிட்டது. “இப்பவே யாருகிட்டயும் சொல்லாதே மலரு. முப்பத்தெட்டு வயசுல நூத்துக்கு இத்தன நிக்காது” என்றேன். எண்ணையும் சொன்னேன். தசமப் புள்ளியோடு சொன்னேன்.

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. நான்கு மாதமாக அப்படியேதான் இருக்கிறது. தப்பான எண்ணைச் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

காலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். நாள்வாரிக் கோடு, தொட்டிவாரிப் பட்டை இரண்டையும் மேசையில் வைத்தேன்.

“சார், போன வாரம் காட்டுனது தப்பான படம். வார்டுக்குக் கோடு போடக் கூடாது. ஆணையர் அதைத் தேதின்னு நெனைச்சுக் குறையுதுன்னு முடிவு பண்ணிட்டாரு. குறையலைங்க. ஏறிட்டு இருக்குது. சந்தைப்பேட்டைத் தொட்டிதான்.”

அவர் பார்த்தார். பட்டையிலிருந்து கோட்டுக்கு, கோட்டிலிருந்து பட்டைக்கு. முகம் சுண்டிப் போயிற்று.

“கூட்டத்துலயே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும் சார்.”

“அப்புறம் ஏன் மேடம் சொல்லலை?”

“நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்க.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. “கோடு போடச் சொன்னது நான். தலையாட்டினதும் நான்” என்று சொல்லிவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு ஆணையர் அறைக்கு ஏறக்குறைய ஓடினார். மத்தியானத்துக்குள் தொட்டியை மூடினார்கள். லாரி வந்தது. 3ஆம் வார்டு ஓடைப் பாலத்தடியில் குழாய் உடைந்து, சாக்கடைக்குள் மூழ்கிக் கிடந்ததாம். சாக்கடை ஓடுது என்று குணவதி அன்று வேடிக்கையாகச் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மினிபஸ்ஸில் ஏறினேன். மலர் வாசலில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. நான் பார்த்தது அவள் கண்களை. வெள்ளையாகத்தான் இருந்தன.

“என்னக்கா, புதுக்கணக்கு ஏதாச்சும் கொண்டாந்தயா?”

“இந்தத் தண்ணியக் குடிக்காதே. காய்ச்சித்தான் குடிக்கணும். இனிமே லாரித் தண்ணிதான்.”

“நாலு மாசமா எட்டிப் பாக்காதவ, தண்ணி காய்ச்சச் சொல்றதுக்கு வந்தயாக்கும்.”

“குறுஞ்செய்தி போட்டேனே.”

“பாத்தேன். நகராட்சிதான் அனுப்பியிருக்குதுன்னு நெனச்சேன்.”

உள்ளே வா என்று சொல்லவில்லை. ஆனால் குடத்துத் தண்ணீரை என் கண்ணெதிரே செடிக்கு ஊற்றினாள். இதுவரை காய்ச்சிக் குடித்தாளா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் பதில் வரும், அதனால் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

இந்த நோய் உடம்புக்குள் போய் வெளியே தெரிய இரண்டு வாரமும் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். தொட்டியை மூடியும் ஆட்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். 17ஆம் வார்டு: 23. கர்ப்பிணிகளுக்கு வந்தால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் பார்த்தேன். அந்தப் பக்கத்தைப் படித்திருக்கக் கூடாது.

செப்டம்பர் 2, சனி

மலரிடமிருந்து ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் நல்லது. ரசம் உப்பாகிவிட்டது.

செப்டம்பர் 6, புதன்

கதிர்வேல் போன் செய்தார். “அக்கா, ரெண்டு நாளா வாந்தி. ஒண்ணுக்கு மஞ்சளாப் போகுதுங்கறா. கண்ணும்...”

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன்.

செப்டம்பர் 7, வியாழன்

அரசு தலைமை மருத்துவமனை, பிரசவ வார்டு. ரத்தத்தில் மஞ்சள் அளவு 6.8. ஒன்றுக்குள் இருக்க வேண்டியது. குழந்தையின் துடிப்பு இருக்கிறது. ரத்தம் உறையும் நேரம் சரியாக இருக்கிறவரை பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். இன்று சரியாக இருக்கிறது.

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கீழே தேதியும் பக்கவாட்டில் அளவும் குறித்து, ஒரு புள்ளி வைத்தேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

9.1.

செப்டம்பர் 9, சனி

11.4. அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். டாக்டர் இனியன் வந்து பார்த்துவிட்டுப் போனார். கட்டிலருகே நிற்க முடியாமல் நின்றார்.

அவர் கோடு போடச் சொல்லாமல் இருந்திருந்தால், நான் பதினான்காம் தேதி கையைத் தூக்கியிருந்தால், இது நடந்திருக்காதா? எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் நாள்கள் ஒத்துவருகின்றன, ஒத்துவராமலும் போகின்றன. ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே குடித்திருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஏழு நாளிலும் குடித்திருக்கலாம். எந்தக் குடம் என்று எந்தப் படமும் காட்டாது. எனக்கு இது கடைசிவரை தெரியப்போவதில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

11.9. கதிர்வேல் டீ வாங்கப் போயிருந்தார். மலர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அக்கா, உனக்குத் தெரியும். சொல்லு. இந்த மாதிரி வந்தா நூத்துக்கு எத்தன பேரு போறாங்க?”

“தெரியாது.”

“பொய் சொல்றே.”

“ஆமா, பொய்தான்.”

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்த மஞ்சள் கண்களை நான் நேராகப் பார்த்தேன்.

“அது நூறு பேருக்குப் போட்ட கணக்கு மலரு. நீ நூறு பேரு கெடையாது. எனக்கு இருக்கறது நீ ஒருத்தி. அன்னைக்கும் இதத்தான் நான் சொல்லியிருக்கணும். சந்தோஷமா இருக்குதுன்னு சொல்லியிருக்கணும். எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துது.”

மறுபடி ஃபேனைப் பார்த்தபடி, “காலு வலிக்குது” என்றாள். அமுக்கிவிட்டேன். தூங்கும்வரை அமுக்கினேன்.

செப்டம்பர் 11, திங்கள்

11.5. இறங்கியது என்று எழுத மாட்டேன். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது. உறையும் நேரம் சரி. துடிப்பு சரி.

செப்டம்பர் 12, செவ்வாய்

10.2.

வெந்நீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது இந்த நோட்டு மலர் கையில் இருந்தது. முன்பக்கங்களையெல்லாம் புரட்டி முடித்து, கடைசிப் பக்கத்தில் இருந்தாள்.

“ஆடிப்பெருக்குச் சோத்த என்ன பண்ணுனே?” என்றாள்.

“ரெண்டு நாள் நானே தின்னேன்.”

“பஸ்ல ஏறியிருக்கலாமல்ல?”

“ஏறியிருக்கலாம்.”

பதினான்காம் தேதியைப் படித்தாயா என்று கேட்டேன். படித்தேன் என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை, மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. விரலால் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“ஏக்கா, இதையெல்லாம் சேர்க்காம உட்டுருக்கறே? தேதிக்குத்தான் கோடு போடலாம்னு நீயே எழுதியிருக்கறயே.”

“பயமா இருக்குது.”

“பேனாவக் குடு.”

ஊசி குத்திய கையால் ஆறு புள்ளிகளையும் சேர்த்தாள். கோணலாக வந்தது. கடைசிப் புள்ளியில் நிறுத்தாமல், இன்னும் இல்லாத நாளைக்குள் கோட்டை இழுத்துக்கொண்டு போய், எட்டில் இறக்கினாள். “இது நாளைக்கு” என்று சொல்லிவிட்டு நோட்டை என் மடியில் போட்டாள்.

அளக்காத நாளுக்குக் கோடு போடக் கூடாது. செவிலியர் யாராவது இப்படிப் போட்டிருந்தால் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்திருப்பேன். ரப்பர் என் பையில்தான் இருந்தது, அது பேனாவை அழிக்கும் ரப்பரும்கூட. நான் எடுக்கவில்லை.

செப்டம்பர் 13, புதன்

9.0. உறையும் நேரம் சரி. குழந்தை உதைக்கிறது, என் கையை எடுத்து வைத்துக் காட்டினாள்.

மலர் போட்ட கோட்டுக்கு ஒரு கட்டம் மேலே விழுந்திருக்கிறது புள்ளி. வைத்தேன். நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் நானே கோடு போட்டேன்.